இருபத்தேழாம் பக்கத்துத் திருத்தம்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பனி எட்டு மணிக்கே விலகியிருந்தது. வடக்கிலிருந்து வறண்ட காற்று. வெயிலில் சூடு இல்லை. பள்ளிக்கூடத்து வெப்பமானி அன்று எழுபத்தோரு டிகிரி காட்டியது. அப்போதெல்லாம் ஃபாரன்ஹீட்தான். பாப்பாரப்பட்டியில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் அறுநூற்று நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரம். பத்து மணிக்கு முதல் மணி. குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஒருவர் வந்து நின்றார்.

என் வயதுதான் இருக்கும். பட்டாளத்துக் கம்பளிச் சட்டை. இரண்டு பூட்ஸையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார், கால் வெறுங்கால். கையில் சுருட்டிப் பிடித்திருந்தது நான் எழுதிய புத்தகம்.

"வாத்தியாரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"வத்தல்மலையில இருந்து வாரேனுங்க. நாலு மணிக்கு எறங்குனேன். இருபத்தேழாம் பக்கத்துல நா எழுதுனத நீங்க போடவே இல்லீங்களே, ஏன்?"

அரபு நாடுகளில் ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வரும் காலத்தில் சாதாரண ஊர்களில் என்ன நடக்கிறது என்பதை ஆராய்வதுதான் என் தொழில். முப்பத்தொன்பது ஆண்டு அதையே செய்தேன். பதினொரு நாடுகளுக்குப் போனேன். பதினாறு நூல்கள். இவ்வளவுக்குப் பிறகும் என் துறையில் எனக்கு வந்த மிகச் சரியான மறுப்பு எது என்று கேட்டால், வாசலில் நின்றபடி அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என்பேன். பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி அனுப்பினேன். வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டு எட்டு மாதத்தில் அதுதான் முதல் விடுப்பு.

புத்தகம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் கோபம் புரியாது.

1936-இல் நான் தர்மபுரியில் உயர்நிலைப் பள்ளி மாணவன். பாலஸ்தீனத்தில் அரபு மக்கள் கடையடைப்புத் தொடங்கியிருப்பதாகச் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கடையடைப்புகள் நடந்ததுண்டு. எதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியதில்லை. அங்கே ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, ஆறு மாதம் வரை போயிற்று. நோட்டில் நாளுக்கு ஒரு கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். கடையைத் திறக்காமல் ஆறு மாதம் எப்படிச் சாப்பிட்டார்கள், அடுப்புக்கு அரிசியோ மாவோ யார் கொடுத்தார்கள் என்று சரித்திர ஆசிரியரைக் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். கேள்வி உட்காரவில்லை.

பி.ஏ. முடித்து 1941 ஜூனில் பாப்பாரப்பட்டியில் ஆசிரியர் வேலைக்கு வந்தேன். யுத்த காலம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய், அதில் பலர் ஈராக்கிலும் எகிப்திலும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கடிதம் எழுதிக்கொள்ள என்னிடம் வந்தார்கள். முப்பத்தேழு குடும்பங்கள். நான் கூலி வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: கடிதம் முழுதும் அவர்கள் சொல்வது, கடைசியில் ஒரு கேள்வி மட்டும் என்னுடையது.

இதை அவர்களுக்கு விளங்க வைப்பது எளிதாக இல்லை. நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அந்த ஊருல கிஸ்தி யாரு வாங்குறாங்கன்னு எம் பையன் எதுக்குங்க தெரிஞ்சுக்கணும்? சோறு ஒழுங்காப் போடறாங்களான்னு கேளுங்க" என்றார்.

"அதையும் கேட்டிருக்கேங்க. மூணு எடத்துல கேட்டிருக்கேன்."

"கிஸ்தியப் பத்தி நா கேட்டேன்னு எழுதாதீங்க. எங்கம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு பயந்துக்குவான்."

பிள்ளைகளும் குழம்பித்தான் போனார்கள். ஆனால் அப்பா கேட்கிறார் என்று நினைத்து ஒழுங்காக விசாரித்து எழுதினார்கள். ஊரில் கிணறு யாருடையது? விதை யார் கொடுக்கிறார்? சண்டை வந்தால் பஞ்சாயத்து யார் பேசுகிறார்? நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஐந்து கேள்விகளை ராணுவத் தணிக்கைக்காரர் கறுப்பு மையால் அடித்துவிட்டதாகப் பிள்ளைகள் எழுதினார்கள். அந்த ஐந்தும் நல்ல கேள்விகள்.

1945 கடைசியில் இவற்றைத் திரட்டி ஒரு சிறு நூல் எழுதினேன். 'பிள்ளைகள் இருக்கும் தேசம்' என்று பெயர். நாற்பத்தெட்டுப் பக்கம், காகிதக் கட்டுப்பாட்டால் அதற்கு மேல் முடியவில்லை. தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டேன். விலை நாலணா. நூற்று முப்பத்தொன்று விற்றன. பெரும்பாலும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களே வாங்கின.

இருபத்தேழாம் பக்கம் அதன் உயிர். கிராமத்தில் வரி யார் வாங்குகிறார் என்ற கேள்விக்கு ஈராக்கிலிருந்து முப்பத்தொரு பதில்கள் வந்திருந்தன. இருபத்தொன்பது பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: ஊருக்கு ஒரு ஷேக் இருக்கிறார், விளைச்சலில் அவர் பங்கு எடுத்துக்கொள்கிறார், நம் ஊர் மிட்டாதார் மாதிரி. எங்கள் பக்கத்தில் மிட்டா என்றால் சில ஊர்களைச் சேர்த்துச் சர்க்கார் ஒருவர் கையில் கொடுத்து, அவரையே வரி தண்டச் சொன்ன ஏற்பாடு. மிட்டாதாரை எங்களுக்குத் தெரியும். அவர் ஆள் வருவார், அவர் வரமாட்டார். ஆகவே நான் எழுதினேன்: ஷேக் என்பவர் அந்த நாட்டு மிட்டாதார், வெள்ளைக்காரன் போன மறு அறுவடைக்குள் குடியானவர்கள் எல்லா ஷேக்குகளையும் இறக்கிவிடுவார்கள்.

மீதி இரண்டு பதில்கள் வேறு விதமாக இருந்தன. இரண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டில் ஒன்று எழுதியவர்தான் இப்போது என் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருந்தீங்க?" என்றேன். நினைவில்லாமல் இல்லை. அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"அவரு எங்க ஊர்க்கவுண்டரு மாதிரின்னு எழுதுனேனுங்க. எங்க மலையில சாமை அறுக்கறப்ப ஊர்க்கவுண்டரும் அருவாளோட வந்து நிப்பாரு. அவரு வூட்டுல பஞ்சம்னா எங்க வூட்டுலயும் பஞ்சம். அங்கயும் அப்பிடித்தானுங்க இருந்துச்சு. நாங்க ஆத்தோரமா ஏழு மாசம் கெடந்தோம். நா லாரி ஓட்டுவேன். அந்தூருத் தண்ணி மிஷினு கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தரம் போயி சரி பண்ணிக் குடுத்தேன். நாணல்ல வளைச்சு வளைச்சு ஒரு பெரிய கொட்டா கட்டியிருக்காங்க. ஷேக்கு அதுலதான் குந்தியிருப்பாரு. காப்பி ஊத்துவாங்க. ஒரே கிண்ணம். அவரு குடிச்சு, அவங்காளு குடிச்சு, மாடு மேய்க்கறவன் குடிச்சு, நானும் குடிச்சேன். கழுவ மாட்டாங்க."

மோரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம மிட்டாதாரு வூட்டுல எனக்கு யாருங்க கிண்ணம் குடுத்தா? கேட்டுக்கு வெளியதான நிக்க வெப்பாங்க" என்றார்.

"ஆனா விளைச்சல்ல பங்கு வாங்கறாரே?"

"வாங்கறாருங்க. நீங்க வாங்கறத மட்டுந்தான கேட்டீங்க. குடுக்கறதக் கேக்கலியே."

நான் எழுந்து போய் அந்த நோட்டை எடுத்து வந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும் வரிசையாக எழுதி வைத்த நோட்டு. அவர் சொன்னது சரி. வாங்குவதைப் பற்றி நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. திரும்பக் கொடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறகு இன்னொன்றைப் பார்த்தேன். விட்டுவிட்ட இன்னொரு பதில் யாருடையது என்று தேடினேன். அது சித்தேரி மலைக்காரருடையது. இரண்டு பதில்கள், இரண்டும் மலையிலிருந்து. ஒத்துப்போன இருபத்தொன்பதும் கீழ்நாட்டிலிருந்து. பாலக்கோடு, நல்லம்பள்ளி, பாப்பாரப்பட்டி. எண்ணினேனே தவிர யார் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. கீழ்நாட்டான் ஷேக்கைப் பார்த்ததும் மிட்டாதாரைக் கண்டான். மலைக்காரன் ஊர்க்கவுண்டரைக் கண்டான். நானும் கீழ்நாட்டான். எனக்குப் பிடித்த இருபத்தொன்பதை எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் மலைக்காரர்கள் சொல்வதுதான் சரியா? அவர்களும் தங்கள் ஊரைத்தான் அங்கே பார்த்தார்கள். இப்போது எனக்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது. எந்த ஊர்க்காரனும் தன் ஊரை வைத்துப் பதில் சொல்ல முடியாத கேள்வி. கேட்டேன்:

"அந்த ஷேக் வருஷத்துல எத்தனை ராத்திரி அந்த ஊருல படுப்பாருங்க?"

அவர் சிரித்தார். "இது என்னங்க கேள்வி? அவரு எங்க போறாரு? தெனமும் அங்கதான்."

"பக்கத்தூர் ஷேக்?"

"அவரு வேறங்க. அவருக்கு பாக்தாதுல வூடு. வருசத்துல அறுப்புக்கு ஒருக்கா, பத்து நாளு வந்தாச் சாஸ்தி. காரியஸ்தன்தான் எல்லாம்."

"நாப்பத்தொண்ணுல பாக்தாதுல ஆட்சி கைமாறிச் சண்டை நடந்துச்சே, அப்ப இந்த ரெண்டு ஊருலயும் என்ன ஆச்சு?"

"மூணு நாளு போலீசே இல்லீங்க. எங்க பக்கத்துல இருந்த ஊருல எல்லாரும் அந்தக் கொட்டாயில போயி குந்திக்கிட்டாங்க. இனி என்ன பண்றதுன்னு ஷேக்க கேட்டாங்க. அவரு களஞ்சியத்தத் தொறந்து வூட்டுக்கு இவ்வளவுன்னு அளந்து குடுத்தாரு. பக்கத்தூருல காரியஸ்தன் மொத நாளே படகேறிட்டான். பொழுது சாயறதுக்குள்ள களஞ்சியம் காலி. கதவக்கூட கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

அன்று மதியம் பன்னிரண்டு பத்துக்கு என் இருபத்தேழாம் பக்கம் செத்தது. அதே நிமிடம் என் தொழில் பிறந்தது. ஆனால் அன்றைக்கு முதல் செய்திதான் எனக்குத் தெரிந்தது.

ஏனென்றால் அந்தப் பக்கம் சென்னையிலும் இருந்தது. அங்கே ஒரு கல்வி அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருவருக்கு இரண்டு வருட ஆய்வு உதவித்தொகை கொடுத்து வந்தது. ஜூலை முதல் தேதியில் இருபத்தாறு வயது முடிந்திருக்கக் கூடாது. முப்பத்தெட்டு நாள் வித்தியாசத்தில் நான் உள்ளே இருந்தேன். அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது. நூலோடு, அதன் சாரத்தை ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதி ஜனவரியிலேயே அனுப்பியிருந்தேன். இருபத்தேழாம் பக்கம் மிகவும் கவனத்துக்குரியது என்று பாராட்டி, ஏப்ரல் 8 திங்கட்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லி அவர்கள் பதிலும் எழுதிவிட்டார்கள். கிடைத்தால் ஆய்வு. கிடைக்காவிட்டால் பாப்பாரப்பட்டியில் எட்டாம் வகுப்புக்கு அக்பரும் அசோகரும், ஓய்வு பெறும் வரை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "யோவ், மெட்ராஸ்ல அரேபியாவுக்குப் போனவன் எவன் இருக்கான்? உன்னயக் கேக்கப்போறவனும் போனதில்ல, நீயும் போனதில்ல. ரெண்டு பேரும் போகாத ஊருக்கு வழி சரியா தப்பான்னு எவன்யா வந்து சொல்லப்போறான்?" என்றார்.

"ஒருத்தர் வந்து சொல்லிட்டாரே சார்."

"அவன் மெட்ராசுக்கு வரமாட்டான்யா."

வீட்டில் என் மனைவி வேறு கணக்குப் போட்டாள். திருத்தம் அச்சிட்டு, விற்ற பிரதிகளிலெல்லாம் நானே போய் ஒட்டிவிட்டு வரப்போகிறேன் என்றதும், "எத்தனை பேருங்க படிச்சிருப்பாங்க?" என்று கேட்டாள்.

"நூத்தி முப்பத்தொரு பிரதி."

"வாங்குனவங்கள கேக்கல. படிச்சவங்கள."

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"படிச்சவரு ஒருத்தரு. அவரு மலையில இருந்து எறங்கி வந்து தப்பைச் சொல்லிட்டுப் போயிட்டாரு. தெரிஞ்சவருக்கே ஒட்டப் போறீங்களா?" என்றாள். ஆனால் மறு வாரம் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து, தகர டப்பாவில் ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான். கட்டி தட்டாத பசை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சீட்டில் அச்சிட்டது இவ்வளவுதான்: "பக்கம் 27, வரி 9 முதல் 22 வரை தவறு. முப்பத்தொரு பதில்களில் இரண்டை ஆசிரியர் காரணமின்றி விட்டுவிட்டார். ஷேக்குகள் எல்லாரும் ஒரே மாதிரி அல்லர். ஊரில் இருப்பவர் வேறு, ஊரில் இல்லாதவர் வேறு. இதை ஆசிரியருக்கு எடுத்துச் சொன்னவர் வத்தல்மலையைச் சேர்ந்த லாரி ஓட்டுநர்." அச்சுக் கோப்பவர் 'காரணமின்றி' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். திரும்பப் போடச் சொன்னேன். திருத்தத்துக்கே திருத்தமா என்று முணுமுணுத்தார். போட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிள், தூரத்துக்குக் கரியில் ஓடும் பஸ். ஏற்றம் வந்தால் அந்த பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். பாலக்கோட்டுக்குப் போய்வர மொத்தம் ஒன்பது தடவை இறங்கினேன். பாலக்கோட்டில் ஒரு மண்டிக்காரர் சீட்டைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது தப்பான பொஸ்தகம்."

"ஒரு பக்கம் தப்புங்க. அதையும் சரி பண்ணிட்டேன்."

"தக்காளிக் கூடையில மேல ஒண்ணு அழுகியிருந்தா நாங்க கூடையவே திருப்பிருவோம் வாத்தியாரே. நாலணாவக் குடுங்க."

கொடுத்தேன். புத்தகத்துக்குக் கை நீட்டினேன். "அது இருக்கட்டும், பொட்டலம் கட்ட ஆகும்" என்று மேசைக்குள் போட்டுக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதில் நான்கு பேர் புத்தகத்தைத் தந்தார்கள்.

நல்லம்பள்ளிக்கு அந்தண்டை ஒரு கிறிஸ்தவக் குடியானவர் வீட்டில் புத்தகம் வேதாகமத்தோடு பெட்டிக்குள் இருந்தது. அவர் மகன் இன்னும் திரும்பவில்லை. கடைசிக் கடிதம் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இருபத்தொன்பது பேரில் அவர் மகனும் ஒருவர். நான் சீட்டை வாசித்துக் காட்டினேன். அவர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப எம் பையன் எழுதுனது பொய்யிங்களா?"

"இல்லைங்க. அவரு கண்ணுல பட்டத சரியாத்தான் எழுதியிருக்காரு. நான் கூட்டுனதுதான் தப்பு."

"அத இதுல போட்டிருக்குதுங்களா?"

போட்டிருக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த ஒரு சீட்டின் அடியில் மட்டும் கையால் எழுதினேன்: 'கடிதம் எழுதியவர்கள் யாரும் தவறாக எழுதவில்லை.' எழுதியதை வாசிக்கச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் ஒட்ட விட்டார். மறு நாள் அச்சகத்துக்குப் போய் மீதிச் சீட்டுகளிலும் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். ஏற்கெனவே ஒட்டிய இருபத்தாறு வீடுகளுக்கும் திரும்பப் போய் அதைக் கையால் எழுதினேன். நூற்றுப் பதினேழு பிரதிகளில் திருத்தம் ஏறியது. பதினான்கு பிரதிகள் எங்கே போயின என்று இன்று வரை தெரியாது. அது இப்போதும் என்னைச் சில நாள் உறுத்துகிறது.

ஏப்ரல் 8. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நினைவில் இருப்பதைத் தமிழில் தருகிறேன். தலைவர் என் நூலைத் திறந்து வைத்திருந்தார். இருபத்தேழாம் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு.

"இந்தப் பக்கத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

"அந்தப் பக்கம் தவறு, ஐயா" என்று சொல்லித் திருத்தச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.

மூவரும் மாறி மாறிப் படித்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தொன்றில் இருபத்தொன்பது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல். இதை ஒரு லாரி ஓட்டுநருக்காக விட்டுக்கொடுக்கிறீர்களா?"

"அந்த இருபத்தொன்பது பேரும் கீழ்நாட்டுக்காரர்கள். அவர்களை எண்ணிய நானும் கீழ்நாட்டுக்காரன். முப்பது பேர் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆகவே அது ஒரு சாட்சிதான்."

"அந்த ஓட்டுநர் மட்டும் வேறு கண்ணால் பார்த்தாரா?"

"அவர் மலைக் கண்ணால் பார்த்தார். அதனால் அவர் சொன்ன முடிவையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் ஒரு எண்ணிக்கை கேட்டேன். ஷேக் எத்தனை இரவு ஊரில் தங்குகிறார் என்று. அதற்கு வந்த பதிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்."

இரண்டாமவர் அதுவரை சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் உங்கள் கையில் இப்போது முடிவு எதுவும் இல்லை."

"ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பத்து ஊர்களில் கேட்டால் முடிவு இருக்கும்."

அவர் தமிழுக்கு மாறினார். "கேள்விக்கு இங்க பணம் கொடுக்கறதில்லை தம்பி. முடிச்ச வேலைக்குத்தான் கொடுக்கறது. முந்தாநாள் வரைக்கும் முடிச்ச வேலை வச்சிருந்தீங்க. அதை நீங்களே கிழிச்சுட்டீங்க."

மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டு நிமிடத்தில் நேர்காணல் முடிந்தது. வெளியே காத்திருந்த இன்னொருவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. எதிர்த்த மரத்தடியில் நின்று பார்த்தேன்.

ஏப்ரல் 29-இல் பதில் வந்தது. உதவித்தொகை மற்றவருக்கு. அதே கடிதத்தின் இரண்டாம் பத்தியில், உதவித்தொகை இல்லாமல் ஆய்வு மாணவனாகச் சேர விரும்பினால் ஓர் இடம் உண்டு என்றிருந்தது. அடியில் தலைவர் கையால் ஒரு வரி: "நூலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும்."

என் மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "பணம் இல்ல, எடம் இருக்குதுங்கறாங்க. அப்பிடித்தானுங்க?"

"ஆமா."

"அப்ப நீங்க சொன்னது சரின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. குடுக்கத்தான் மனசு வரல." பானையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மெட்ராசுல தண்ணி எப்பிடி?"

ஜூனில் வேலையை விட்டேன். சென்னையில் மாலை நேரத்தில் ஐந்து வீடுகளில் டியூஷன், காலை எட்டு மணிக்கு நூலகம். முதல் பத்து ஊர்களைப் பற்றிய கட்டுரை 1949-இல் வந்தது. பழைய வருவாய் அறிக்கைகள், பயணிகள் குறிப்புகள், ஊர் திரும்பிய சிப்பாய்கள் நாற்பத்துநான்கு பேர். அவர்களில் மலைக்காரர்களும் கீழ்நாட்டவரும் சரிபாதி. எல்லாரிடமும் அதே கேள்வி. ஆட்சி மாறிய நாளில் ஊரில் இருந்தவர் யார், இல்லாதவர் யார்? இருந்தவர்களில் பெரும்பாலோர் புதிய ஆட்சியிலும் இருந்தார்கள். இல்லாதவர்களின் கதவு கழன்றது. அரண்மனையில் யார் உட்கார்ந்தார் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கர்வமாகத் தோன்றினாலும் சொல்கிறேன்: அவர்கள் எழுதியவற்றில் பாதி இன்று யாருக்கும் பயன்படவில்லை. என் எண்ணிக்கைகள் பயன்படுகின்றன.

சீட்டு ஒட்டிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1958-இல், பாக்தாதில் முடியாட்சி விழுந்தது. தென்பகுதியில் சில ஷேக்குகளின் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன என்ற செய்தி வந்தபோது, பழைய சிறு நூலை எங்கோ பார்த்திருந்த ஒருவர் என்னிடம் வந்து, உங்கள் இருபத்தேழாம் பக்கம் பலித்துவிட்டதே, அவசரப்பட்டுத் திருத்திவிட்டீர்களே என்றார். பலிக்கவில்லை. நான் எழுதியது எல்லா ஷேக்குகளும் விழுவார்கள் என்று. நான் விவரம் சேகரித்த வரை விழுந்தவர்கள் நகரத்தில் வீடு வைத்திருந்தவர்கள். திருத்தச் சீட்டுத்தான் பலித்தது.

முப்பத்தொன்பது ஆண்டில் நான்கு முறை என் கணிப்பு பொய்த்தது. நான்கையும் அச்சில் ஒப்புக்கொண்டேன். அப்படிச் செய்தவர்கள் என் துறையில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எண்ணி வைத்திருக்கிறேன், இங்கே போட்டால் வழக்கு வரும்.

அந்தத் திருத்தத்துக்கு ஆன செலவைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். இப்போது முழுதாக எழுதிவிடுகிறேன். சீட்டு அச்சுக்கூலி, பிறகு சேர்த்த வரிக்கும் சேர்த்து, நான்கு ரூபாய் எட்டணா. மைதா மூன்றணா. பஸ், சைக்கிள் டியூப், இரண்டு பஞ்சர், எல்லாம் ஐந்து ரூபாய் பதின்மூன்றணா. ஏழு பேருக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு ரூபாய் பன்னிரண்டணா. கைக்கு வராமல் போன உதவித்தொகை, மாதம் அறுபது வீதம் இருபத்துநான்கு மாதம், ஆயிரத்து நானூற்று நாற்பது. இரண்டு தரம் கூட்டினேன். மொத்தம் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு ரூபாய் நாலணா.